பேனல்களை எங்கே வைப்பது, எதை மூடுவது?

ஜூன் 3, 2025, மாலை (கேள்வி)

போட்டோ ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைனிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். லேப்டாப் திரை 1366×768. போட்டோஷாப்பைத் திறந்தால் வலதுபக்கம் முழுக்கப் பேனல்கள் (பட்டன்களும் பட்டியல்களும் உள்ள சின்னப் பெட்டிகள்) அடைத்துக்கொள்கின்றன, ஷீட் சின்னதாக நடுவில் கிடக்கிறது. கூட வேலை பார்க்கும் அண்ணன், “எல்லாப் பேனலையும் மூடிவிட்டு ஷார்ட்கட்டிலேயே ஓட்டு, அப்போதுதான் வேகம் வரும்” என்கிறார். மூடிப் பார்த்தேன், எது எங்கே என்று தெரியாமல் தடுமாறுகிறேன். அவர் சொல்வது சரிதானா?

ஜூன் 3, இரவு

பாதி சரி. எந்தப் பாதி என்று பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் என்ன வடிவப் படத்தில் வேலை செய்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஆல்பம் ஷீட் என்றால் பெரும்பாலும் 12×36 அங்குலம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 10800×3600 பிக்சல். அகலம் உயரத்தைவிட மூன்று மடங்கு. உங்கள் திரையில் டூல்பாரும் பேனல் வரிசையும் போக சுமார் 1000 பிக்சல் அகலம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஷீட்டைப் பொருத்தினால் உயரம் 333தான் வரும். மேலேயும் கீழேயும் சாம்பல் நிறம் சும்மா கிடக்கும். உங்களுக்குத் தட்டுப்பாடு அகலத்தில். பேனல்கள் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே அகலத்தைத்தான். உயரம் வீணாகப் போகிறது.

ஆகவே ஆல்பம் வேலைக்குப் பேனல்களைக் கீழே இறக்குங்கள். நிறக் கட்டங்களுள்ள ஸ்வாட்சஸ், பதிவுசெய்த வேலைகளை ஓட்டும் ஆக்‌ஷன்ஸ், எழுத்தை அமைக்கும் கேரக்டர் இவையெல்லாம் குள்ளமாக, அகலமாக இருந்தாலும் பயன்படும். பேனலின் பெயர் இருக்கும் இடத்தைப் பிடித்து வெளியே இழுங்கள். இழுக்கும்போது கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டால் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளாது. கீழே விட்டு, பக்கவாட்டில் இழுத்து அகலமாக்குங்கள். லேயர்ஸ் பேனல் மட்டும் இதில் சேராது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அப்புறம் எஃப் கீயை ஒருமுறை தட்டுங்கள். மெனுவோடு கூடிய முழுத்திரை வரும். இந்த நிலையில் ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு படத்தை எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம், நடுவில்தான் நிற்பேன் என்று அது அடம்பிடிக்காது. ஷீட்டை மேலே ஏற்றிவிடுங்கள். 1320 பிக்சல் அகலம் கிடைத்தால் உயரம் 440 ஆகிவிடும். முன்பு தெரிந்ததைவிடப் பரப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல். அதே லேப்டாப்தான், ஒரு ரூபாய் செலவில்லை.

பேனல்களின் இந்த அமைப்புக்குத்தான் வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். அமைத்து முடித்ததும் விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ், அதற்குள் நியூ வொர்க்ஸ்பேஸ். ‘ஆல்பம்’ என்று பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

ஜூன் 4, காலை

லேயர்ஸ்.

ஷீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த படம், எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அடுக்கு, அதாவது லேயர். இது அவற்றின் மேலிருந்து கீழாக நீளும் பட்டியல். இதற்கு உயரம் வேண்டும். பிளெண்ட் மோட் வரிசை, லாக் வரிசை, அடியில் இருக்கும் பட்டன் வரிசை என்று பேனலின் சொந்தச் சாமானே கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குள்ளமாக வைத்தால் மூன்று நான்கு லேயர்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் இதை வலது ஓரத்திலேயே விடுங்கள், ஆனால் ஐகானாகச் சுருக்கி. வரிசையின் தலையில் இருக்கும் இரட்டை அம்புக்குறியைத் தட்டினால் சுருங்கும். பிரிஃபரன்சஸில் வொர்க்ஸ்பேஸ் பகுதிக்குப் போய், ஐகான் பேனல்கள் தானாக மடங்கட்டும் என்ற தேர்வை டிக் செய்யுங்கள். இனிமேல் ஐகானைத் தட்டினாலோ எஃப்7 அழுத்தினாலோ லேயர்ஸ் முழு உயரத்துக்குப் படத்தின்மேல் விரியும். வேலையை முடித்துப் படத்தைத் தொட்டதும் மடங்கிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். இதை ஸ்டூடியோக்களில் பலர் மாற்றாமலே வேலை செய்வதைப் பார்க்கிறேன். லேயர்ஸ் பேனல் மெனுவில் பேனல் ஆப்ஷன்ஸ் என்று கடைசிப் பக்கமாக இருக்கும். அதில் குட்டிப்படத்தின் அளவும் உள்ளடக்கமும் கேட்கும். ‘என்டயர் டாக்குமென்ட்’ என்று இருந்தால், 36 அங்குல ஷீட்டில் ஓரமாக வைத்த 5 அங்குலப் படம் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இருபது லேயரும் வெற்றுக்கட்டம் மாதிரி இருக்கும், எது தாலி கட்டும் படம், எது அப்பா அம்மா படம் என்று கண்டுபிடிக்க லேயருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்ப்பார்கள். ‘லேயர் பவுண்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். அந்தந்த லேயரில் இருக்கும் படம் மட்டும் கட்டம் நிறையத் தெரியும், முகமே அடையாளம் தெரியும். கட்டத்தின் அளவைச் சிறியதாகவே வைத்தாலும் போதும்.

பேனலைத் திறக்காமலே லேயரைப் பிடிக்கவும் வழி உண்டு. மூவ் டூலோடு படத்தின்மேல் ரைட் கிளிக் செய்தால், அந்தப் புள்ளிக்கு அடியில் இருக்கும் லேயர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஆனால் பெயர் வைத்திருந்தால்தான் அது உதவும். ‘லேயர் 14 காப்பி 3’ என்று வந்தால் யாருக்கு என்ன புரியும்?

ஜூன் 4, இரவு

“திடீரென்று எல்லாப் பேனலும் காணாமல் போய்விட்டன, மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். டேப் கீ பட்டிருக்கும், மறுபடி தட்டுங்கள். ஷிப்டோடு சேர்த்துத் தட்டினால் டூல்பாரும் மேலே உள்ள ஆப்ஷன்ஸ் பட்டையும் நிற்கும், மற்றவை மட்டும் மறையும். இலவசப் பட மென்பொருள்களான ஜிம்பிலும் கிரிட்டாவிலும் டேப் கீக்கு ஏறக்குறைய இதே வேலைதான்.

டேப் தட்டியும் வரவில்லை, முன்பு இரண்டாவது மானிட்டர் மாட்டியிருந்தீர்கள் என்றால், பேனல் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டிருக்கலாம். வொர்க்ஸ்பேஸ் மெனுவில் ரீசெட் கொடுங்கள்.

ஜூன் 6, மதியம்

அண்ணன் சொன்னதில் எந்தப் பாதி சரி என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

பேனல்களில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று நாம் அழுத்துகிறவை. பட்டன், ஸ்லைடர், பட்டியல் இருக்கும், போய்த் தொட்டால் ஏதாவது நடக்கும். இன்னொன்று நாம் பார்க்கிறவை. அவை எதையும் செய்யாது, சொல்லும். ஷார்ட்கட் முதல் வகைக்கு மட்டும்தான் மாற்று. இரண்டாவது வகைக்கு உலகத்தில் எந்த ஷார்ட்கட்டும் கிடையாது, ஏனென்றால் அங்கே விரலுக்கு வேலையே இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. படத்தில் இருட்டு இடதுபக்கம், வெளிச்சம் வலதுபக்கம் என்று எவ்வளவு இருக்கிறது என வரைந்து காட்டுவது ஹிஸ்டோகிராம். அதை மூடிவிட்டுக் கன்ட்ரோல் எம் போட்டு, வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் கோட்டை இழுப்பவருக்கு வேகம் இருக்கும். ஆனால் என்ன இழந்தோம் என்பது லேபில் இருந்து பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும்.

கல்யாணப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் அரக்குச் சிவப்புப் பட்டில், மாப்பிள்ளை வெள்ளை வேட்டியில். முகம் கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்தைத் தூக்குகிறோம். முகம் நன்றாக வந்துவிட்டது, திரையில் புடவையும் பளிச்சென்று இருக்கிறது. ஹிஸ்டோகிராம் பேனலின் மெனுவில் ‘ஆல் சேனல்ஸ் வியூ’ கொடுத்துப் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சேனலும் தனியாகத் தெரியும். பச்சையும் நீலமும் இடதுபக்கம் சாதாரணமாக இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரில் போய் முட்டி நிற்கும். முட்டிய பிறகு அந்தச் சேனலில் ஏற்ற இறக்கம் இல்லை. புடவையின் மடிப்பும், உடம்பில் நெய்த சின்னப் புட்டாவும் ஒரே சிவப்புப் பரப்பாகிவிடும். பிரிண்டில் துணி என்றே தெரியாது, பெயின்ட் அடித்தது போலத் தெரியும். சுருக்கமான பார்வையில் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் இதைத் தவறவிடுவது சுலபம். அதனால்தான் சேனல்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பேனலின் மூலையில் சின்ன எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால், அது காட்டுவது அவசரக் கணக்கு என்று அர்த்தம். அதைத் தட்டினால் முழுப் படத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும்.

இன்ஃபோ பேனலும் இதே ஜாதி. எஃப்8. மவுஸ் இருக்கும் இடத்தின் நிறத்தை எண்ணாகச் சொல்லும். இரண்டாவது கட்டத்தை சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நான்கு நிறம்) என்று வைத்துக்கொண்டு கன்னத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோங்கள். மஞ்சள், மெஜந்தாவைவிடச் சற்றுக் கூடுதலாகவோ சமமாகவோ இருந்தால் தோல் இயல்பாக வரும். மெஜந்தா மேலே போய்விட்டால் முகம் சிவந்துவிடும். திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது இந்தப் பேனல் முந்தைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும். மானிட்டர் சரியாக அளவு செய்யப்படாத இடங்களில் கண்ணைவிட இந்த எண்களைத்தான் நம்புகிறேன்.

ஆக என் பதில் இதுதான்: அழுத்துகிற பேனல்களைக் கை பழகப் பழக ஒவ்வொன்றாக மூடுங்கள். பார்க்கிற பேனல்களைத் திரை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் திறந்தே வையுங்கள்.

ஜூன் 6, இரவு

மேலே எழுதியதோடு ஒரு சேர்க்கை. ஹிஸ்டரி பேனல் ஒரு காலத்தில் இரண்டிலும் சேர்ந்தது. 2018 அக்டோபரில் வந்த பதிப்புக்கு முன்பு வரை கன்ட்ரோல் இசட் ஒரு படி மட்டும் பின்னே போகும், மறுபடி அழுத்தினால் திரும்ப முன்னே வந்துவிடும். பல படி போக ஆல்ட்டையும் சேர்க்க வேண்டும், அல்லது ஹிஸ்டரி பேனலைத் திறக்க வேண்டும். இப்போது கன்ட்ரோல் இசட்டே வரிசையாகப் பின்னே போகிறது. ஆகவே அதை மூடலாம். ஸ்னாப்ஷாட் எடுத்து, அதாவது நடுவில் ஒரு நிலையைப் பிடித்து வைத்து, ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இன்னும் தேவை.

ஜூன் 7

கொஞ்சம் விலகிப் போகிறேன், பேனல்களின் பூர்வகதை எனக்குப் பிடித்த விஷயம்.

போட்டோஷாப் முதலில் வந்தது 1990இல். லேயர் என்பதே 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. பேனல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெயர்த் தாவல்களைத் தட்டி மாற்றும் ஏற்பாடும் அதே பதிப்பில்தான். அப்போது அவற்றுக்குப் பேலட் என்று பெயர். அந்தத் தாவல் பேலட்டுக்குப் போட்டோஷாப்பை வெளியிடும் அடோபி காப்புரிமையும் வாங்கியது. போட்டி நிறுவனமான மேக்ரோமீடியா தன் மென்பொருளில் அதே மாதிரி வைத்திருக்கிறது என்று 2000இல் அடோபி வழக்குப் போட்டது. 2002 மே மாதம் ஜூரி அடோபி பக்கம் தீர்ப்புச் சொல்லி 28 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. சில நாளிலேயே மேக்ரோமீடியாவின் எதிர்வழக்கில் அடோபி 49 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பு. அந்த ஆண்டே சமரசம் ஆனார்கள். 2005இல் அடோபி மேக்ரோமீடியாவையே சுமார் 340 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

திரையில் ஒரு இடத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதற்கு இவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கிறது. அந்த இடத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வொர்க்ஸ்பேஸைப் பெயர் வைத்துச் சேமிக்கும் வசதி 2002இல் ஏழாம் பதிப்பில் வந்தது. ஐகானாகச் சுருக்குவது 2007இல் சிஎஸ்3இல். நாம் செய்கிற மாற்றத்தை அந்த வொர்க்ஸ்பேஸ் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்வது 2010இல் சிஎஸ்5இல். இந்தக் கடைசி விஷயம் வேலைக்கு உதவும் தகவல்: நீங்கள் பேனலைக் கலைத்துப் போட்டுவிட்டு நாளைக்குத் திறந்தாலும் கலைந்தபடிதான் வரும். ரீசெட் கொடுத்தால்தான் சேமித்த நிலைக்குத் திரும்பும். மாற்றம் பிடித்துப்போய்விட்டது என்றால் அதே பெயரில் மறுபடி சேமிக்க வேண்டும்.

ஜூன் 9, காலை

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வொர்க்ஸ்பேஸ் வேண்டுமா என்ற கேள்வி. என்னிடம் மூன்று இருக்கின்றன.

பாஸ்போர்ட் படத்துக்கு ஒன்று. அதில் ஆக்‌ஷன்ஸ் பேனல் மட்டும், அதுவும் பட்டன் மோடில். 3.5×4.5 செ.மீ. வெட்டுவது ஒரு பட்டன், பின்னணி ஒரு பட்டன், 4×6 தாளில் எட்டுப் படம் அடுக்குவது ஒரு பட்டன், பிரிண்ட் ஒரு பட்டன். பட்டன்களுக்கு நிறம் கொடுக்கலாம் என்பதால் கூட்டம் நிற்கும்போது படித்துப் பார்க்க வேண்டியதில்லை. ரீடச்சுக்கு ஒன்று: ஹிஸ்டோகிராம், இன்ஃபோ, பிராபர்டீஸ், குளோன் சோர்ஸ். ஆல்பத்துக்கு ஒன்று, மேலே சொன்னது.

சேமிக்கும்போது வரும் பெட்டியில் கீபோர்டு ஷார்ட்கட், மெனு, டூல்பார் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கலாமா என்று கேட்கும். டூல்பாரை டிக் செய்யுங்கள். பாஸ்போர்ட் வேலைக்கு நாலைந்து டூல் போதும், மற்றதை எடிட் மெனுவில் டூல்பார் என்ற இடத்தில் ஒதுக்கி வைக்கலாம்.

ஸ்டூடியோ கணினியில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்கார்வீர்கள் என்றால், ஆளுக்கொரு பெயரில் சேமித்துக்கொள்வது நல்லது. வொர்க்ஸ்பேஸ் மெனுவில் லாக் வொர்க்ஸ்பேஸும் இருக்கிறது, அதைப் போட்டால் பேனலை யாரும் தெரியாமல் இழுத்துவிட முடியாது.

ஜூன் 9, இரவு

காலையில் எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒரு நிபந்தனை சேர்க்கத் தோன்றியது. மூன்று வொர்க்ஸ்பேஸ் என்றால் மூன்றிலும் எல்லாமே இடம் மாறக்கூடாது. சமையல்கட்டில் அஞ்சறைப்பெட்டியில் எந்தக் கிண்ணத்தில் கடுகு, எதில் மஞ்சள் என்று பார்க்காமலே கை போகிறதல்லவா, அந்தப் பழக்கத்தைக் கலைக்கவே கூடாது. ஒன்றுக்கு மேற்பட்டதில் வரும் பேனல் எதுவோ, அது வருகிற இடத்திலெல்லாம் ஒரே மூலையில், ஒரே அளவில் இருக்கட்டும். எனக்கு லேயர்ஸ் எப்போதும் வலது ஓரம், மேலிருந்து முதல் ஐகான். இன்ஃபோ எப்போதும் வலது கீழ் மூலை. மாறுவது மற்றவைதான்.

ஓரத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. குறி பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் கணக்குப் போட்டுக் காட்டினார். திரையின் விளிம்பில் மவுஸ் முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. எனவே விளிம்பில் ஒட்டிய பொருளைக் குறி பார்க்காமல் வேகமாகத் தள்ளிப் பிடிக்கலாம். பிரிஃபரன்சஸில் மறைந்த பேனல்களைத் தானாகக் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. டேப் தட்டி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மவுஸை ஓரத்தில் முட்டினால் பேனல் வெளியே வரும், விலகினால் போய்விடும். சின்னத் திரையில், நிறம் திருத்தாமல் படங்களை அடுக்கும் நேரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இதே காரணத்தால்தான் 2023இல் வந்த கான்டெக்ஸ்சுவல் டாஸ்க் பார் எனக்கு ஒத்துவரவில்லை. படத்துக்குக் கீழே மிதக்கும், செலக்‌ஷன் மாறினால் அதுவும் இடம் மாறும். ஒவ்வொரு முறையும் அதைத் தேட வேண்டியிருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று அது சொல்லித்தரும், அந்த உதவியை மறுக்கவில்லை. வைத்துக்கொள்வதானால் அதன் மூன்று புள்ளி மெனுவில் ஒரே இடத்தில் குத்தி வைக்கும் தேர்வைப் போடுங்கள். வேண்டாம் என்றால் விண்டோ மெனுவில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஜூன் 10

ஜிம்ப் பயன்படுத்துபவர் ஒருவர், “எங்களுக்கு வொர்க்ஸ்பேஸ் மெனுவே இல்லையே” என்று கேட்டார். பெயர் வைத்து மாற்றிக்கொள்ளும் மெனு இல்லைதான். ஆனால் வழி இருக்கிறது. ஜிம்பைத் தொடங்கும் கட்டளையோடு ‘செஷன்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து ஒரு பெயர் கொடுத்தால், அந்தப் பெயருக்குத் தனியாக ஜன்னல் அமைப்பை வைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் இரண்டு ஷார்ட்கட் ஐகான் செய்து, ஒன்றில் ‘ரீடச்’, ஒன்றில் ‘ஆல்பம்’ என்று கொடுங்கள். வேலை மாற வேண்டுமானால் மூடித் திறக்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம்.

அமைப்பு பிடித்தபடி வந்ததும் பிரிஃபரன்சஸில் விண்டோ மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், வெளியேறும்போது சேமிக்கும் தேர்வை எடுத்துவிட்டு, இப்போதே சேமி என்ற பட்டனைத் தட்டுங்கள். அப்புறம் நடுவில் எவ்வளவு கலைத்தாலும் அடுத்த முறை திறக்கும்போது நீங்கள் வைத்தபடியே வரும். தவறுதலாக ஒரு டாக்கையே (பேனல்கள் ஒட்டியிருக்கும் தொகுப்பை) மூடிவிட்டால் விண்டோஸ் மெனுவில் சமீபத்தில் மூடியவை என்ற பட்டியல் இருக்கும். டாக்கில் ஒவ்வொரு தாவலையும் இடம் பெயராமல் பூட்டும் வசதியும் உண்டு.

2012இல் 2.8 வரும்வரை ஜிம்பில் டூல்பாக்ஸ், படம், டாக் எல்லாம் தனித்தனி ஜன்னல்கள். ஒற்றை ஜன்னல் முறை அப்போதுதான் வந்தது. பலர் அதைக் கொண்டாடினார்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பழைய முறைதான் இன்றைக்கும் வசதி: ஒரு திரையில் படம் மட்டும், இன்னொன்றில் டாக்குகள். அதை விண்டோஸ் மெனுவிலேயே ஒரு டிக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

கிரிட்டாவில் இந்தத் தொல்லையே இல்லை. டாக்கர்களை (அங்கே பேனல்களுக்கு அதுதான் பெயர்) மேலே, கீழே, பக்கத்தில் எங்கும் ஒட்டலாம், வலது மேல் மூலையில் வொர்க்ஸ்பேஸ் பட்டன் தயாராக இருக்கிறது. படத்தின்மேல் ரைட் கிளிக் செய்தால் பிரஷும் நிறமும் வட்டமாகக் கைக்கே வந்துவிடும்.

ஜூன் 12

படங்களைத் தேர்ந்தெடுத்து நிறம் திருத்த உதவும் லைட்ரூமில் பேனல்களை இழுத்து வெளியே போட முடியாது, மடிக்க மட்டும்தான் முடியும். அங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பேனல் தலைப்பில் ரைட் கிளிக் செய்து சோலோ மோட் போடுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றது தானாக மூடும், மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: எஃப்7 போட்டோஷாப்பில் லேயர்ஸ், லைட்ரூமில் இடதுபக்கப் பேனல். எஃப்8 அங்கே வலதுபக்கம். விரல் பழக்கம் இரண்டுக்கும் நடுவில் குழம்பும். அதற்காகவே நான் லைட்ரூமில் எஃப்7, எஃப்8 கீகளைத் தொடுவதில்லை, டேப் மட்டும்.

ஜூன் 14

தமிழ் டைப் செய்யும்போது கேரக்டர், பாராகிராஃப் பேனல்கள் பற்றிக் கேட்டவருக்கு.

பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் அடித்தால் ‘கெ’, ‘கோ’ போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் அதற்குரிய கம்போசரை (எழுத்துகளை வரியில் கோக்கும் முறையை) தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மெனு பேனலின் வலது மேல் மூலையில் நான்கு கோடாக ஒளிந்திருக்கும். பேனலின் முகத்தில் தெரிவது பாதிதான், மீதி எப்போதும் அந்த நான்கு கோட்டுக்குள் இருக்கும். இது எல்லாப் பேனலுக்கும் பொருந்தும்.

அழைப்பிதழ் அடிக்கும் இடங்களில் பாமினி மாதிரியான, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களையே விடாமல் வைத்திருப்பதற்கு இந்தக் கொம்புத் தகராறும் ஒரு காரணம். பாமினியில் அடித்ததைப் பின்னால் சுலபமாகத் தேடவோ, யூனிகோடு எழுத்துருவுக்கு அப்படியே மாற்றவோ முடியாது. அழைப்பிதழில் பெயர் திருத்தம் வரும்போது வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு பெயரை அப்படியே ஒட்ட முடிகிற சுகம் ஒன்றுக்காகவே யூனிகோடுக்கு மாறலாம்.

ஜூன் 15

பேனா வைத்து வேலை செய்பவர்களுக்கு நான் சொன்ன ‘வலது ஓரம்’ பொருந்துமா? மேசையில் வைக்கும் சாதாரண டேப்லெட் என்றால் பொருந்தும். கை ஒரு இடம், கண் ஒரு இடம், எதுவும் எதையும் மறைக்காது. திரைமேலேயே வரையும் வகை என்றால் கதை வேறு. வலதுகைக்காரரின் முன்கை வலது கீழ் மூலையின்மேல் கிடக்கும். இன்ஃபோ பேனலை அங்கே வைத்தால் எண்ணைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கையைத் தூக்க வேண்டும். பார்க்கிற பேனல்கள் இடது மேல் மூலைக்குப் போகட்டும், அழுத்துகிறவை வலது மேல் பக்கம். இடதுகைக்காரர்கள் இதை அப்படியே திருப்பிக்கொள்ளலாம். போட்டோஷாப்பில் டூல்பாரையும் வலது விளிம்பில் ஒட்டலாம்.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து அமைப்பின் படத்தைக் காட்டியிருக்கிறார். ஷீட் மேலே அகலமாக, கீழே ஸ்வாட்சஸும் கேரக்டரும், ஓரத்தில் லேயர்ஸ் ஐகானாக, வலது கீழே இன்ஃபோ. நன்றாக வந்திருக்கிறது. இரண்டு மாற்றம் சொல்கிறேன். ஹிஸ்டோகிராம் எங்கேயும் காணோம், கேரக்டருக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது, திறந்து வையுங்கள். இன்னொன்று, பிரிஃபரன்சஸில் இன்டர்ஃபேஸ் பகுதியில் எழுத்து அளவை மிகச் சிறியதாக்கி மென்பொருளை மூடித் திறங்கள். 768 உயரத் திரையில் ஒவ்வொரு வரியும் காசு.

இதை ஸ்டூடியோ கணினிக்குக் கொண்டுபோவது எப்படி என்றும் கேட்டிருக்கிறார். விண்டோஸில் மறைவாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங், அதற்குள் அடோபி, அதற்குள் உங்கள் போட்டோஷாப் பதிப்பின் பெயர், அதற்குள் செட்டிங்ஸ். அங்கே வொர்க்ஸ்பேசஸ் என்று ஒரு ஃபோல்டரும், அதே பெயரோடு ‘மாடிஃபைட்’ என்று சேர்ந்த இன்னொன்றும் இருக்கும். முதலாவதில் நீங்கள் சேமித்தது, இரண்டாவதில் பிறகு கலைத்தது. முதலாவதில் இருக்கும் ‘ஆல்பம்’ ஃபைலை பென்டிரைவில் எடுத்து அந்தக் கணினியின் அதே ஃபோல்டரில் போட்டு, போட்டோஷாப்பை மூடித் திறந்தால் மெனுவில் வந்துவிடும்.

சின்னத் திரையில் அமைத்ததைப் பெரிய திரைக்குக் கொண்டுபோகலாம், கொஞ்சம் நகர்த்தினால் போதும். பெரிய திரையில் அமைத்ததை உங்கள் லேப்டாப்புக்குக் கொண்டுவராதீர்கள், மிதக்கும் பேனல்கள் திரைக்கு வெளியே போய் விழுந்துவிடும்.